எடை குறைந்த, கைக்கு எட்டும் விலையில் ஒரு வேகச் சிறுகார்: நாம் உண்மையில் எதை எதிர்பார்க்கிறோம்?

சிட்டி_சாட்ஸ்வர்த்

அனைவருக்கும் வணக்கம். பதினேழு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் 1.6 லிட்டர் ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃபின் தரைத்தகட்டில் துரு ஏறிவிட்டது. இன்னும் ஒரு முறை வெட்டி ஒட்டலாம், அதற்குமேல் தாங்காது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். எனவே மூன்று மாதங்களாக டர்பன் ஷோரூம்களில் ஏறி இறங்கி, கிடைத்த சிறிய கார்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். அந்தத் தேடலில் எழுந்த கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

1984-இல் நம் தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டாம் தலைமுறை கோல்ஃப் வந்தபோது அதன் விலை நம்மில் பலருக்கு எட்டாது என்று கருதி, முதல் தலைமுறைக் காரையே சிட்டி என்ற பெயரில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய வண்ணங்களில் யூட்டன்ஹேக்கில், அதாவது இன்றைய கரீகாவில், தொடர்ந்து செய்தார்கள். 2009 வரை 3,77,000-க்கும் மேற்பட்ட சிட்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. அதில் காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் இல்லை, கதவு சாத்தினால் தகரச் சத்தம் கேட்கும். ஆனாலும் ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே முன்சக்கரம் எப்படிப்பட்ட தரையில் நிற்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். அந்த உணர்வை நான் ஓட்டிப் பார்த்த புதிய கார்களில் ஒன்றிரண்டைத் தவிர வேறெதிலும் காணவில்லை.

இன்றைய நிலை இதுதான். ஒரு முனையில் டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ் நிற்கிறது. அதை நான் மதிக்கிறேன், ஆனால் அதன் விலைக்கு எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் கார் வாங்கிவிடும். மறு முனையில் 60 கிலோவாட் சுசுகி ஸ்விஃப்ட் நிற்கிறது. நல்ல கார், ஆனால் வேகக் காரன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த இடம் ஆண்டுதோறும் காலியாகி வருகிறது. ஃபோர்ட் ஃபியஸ்டாவின் உற்பத்தி 2023 ஜூலையில் நின்றது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் இறுதிப் பதிப்பை ஜப்பானில் 2024 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவற்றில் என் வருமானத்துக்கு நெருங்கி வருவது போலோ விவோ ஜிடி. ஒரு லிட்டர் டர்போ, 81 கிலோவாட், ஆறு கியர். 1976-இல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐக்கும் அதே 81 கிலோவாட்தான். ஆனால் அந்தக் கார் 810 கிலோ எடை. விவோ ஜிடியோ ஆயிரம் கிலோவை நன்றாகவே தாண்டிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த முதல் ஜிடிஐ, டன்னுக்கு 100 கிலோவாட் தந்தது. ஆயிரம் கிலோவுக்கு மிகாத எடை, டன்னுக்கு 100 கிலோவாட், கையால் மாற்றும் கியர், நால்வர் அமரும் இடம், சம்பளக்காரர் தவணை கட்டக்கூடிய விலை. இவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு. இது பேராசையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

லெனேசியா_மேட்டுநிலம்

பேராசை இல்லை ஐயா. ஆனால் நீங்கள் கடல் மட்டத்தில் இருந்துகொண்டு கணக்குப் போடுகிறீர்கள். ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு ஆற்றலை இழக்கிறது, ஏனென்றால் காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. டர்பன் கடற்கரையில் 77 கிலோவாட் தரும் 1.5 லிட்டர் டொயோட்டா ஸ்டார்லெட், எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 64 கிலோவாட் காராகிவிடுகிறது. எண் மூன்று நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயில் ஏறும்போது, குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஒரு சரக்கு லாரியை முந்த முயன்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டர்போ எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சுழலி இன்னும் வேகமாகச் சுழன்று அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

ஆகவே என் விருப்பப் பட்டியலில் முதலில் நிற்பது சிறிய டர்போ. 1.4 லிட்டர் டர்போ கொண்ட ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் எண்களைப் பாருங்கள்: 103 கிலோவாட், 230 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 970 கிலோ. நீங்கள் கேட்ட டன்னுக்கு 100 கிலோவாட் என்ற கோட்டை அது தாண்டிவிடுகிறது. நீங்கள் கேட்கும் கார் இங்கே ஏற்கெனவே விற்கப்பட்டது. அதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

பீனிக்ஸ்_பட்டறை

இருபத்தாறு ஆண்டுகளாகக் கார் பழுது பார்க்கிறேன். வேகக் காரைக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் பட்டறைக்கு அவர்கள் திரும்பி வருவது எஞ்சினுக்காக அன்று, சக்கரத்துக்காகவும் சஸ்பென்ஷனுக்காகவும்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் பகுதிச் சாலைகள் எப்படி இருந்தன என்பதை எல்லோரும் அறிவோம். அந்த ஆண்டில் நான் நிமிர்த்திய அலாய் சக்கரங்களுக்குக் கணக்கில்லை. 17 அங்குலச் சக்கரத்தில் 195 மில்லிமீட்டர் அகலமுள்ள 45 விகித டயர் போட்டால், டயரின் பக்கச் சுவர் அந்த அகலத்தில் 45 விழுக்காடு, அதாவது 88 மில்லிமீட்டர்தான் இருக்கும். குழியின் விளிம்பில் அது நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழை அறுந்து, பக்கவாட்டில் முட்டை போலப் புடைத்துக்கொள்ளும். அந்த டயரைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஷோரூமில் பெரிய சக்கரம் அழகாக நிற்பது உண்மைதான். ஆனால் ஒரு சிறிய காருக்கு விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். 15 அல்லது 16 அங்குலச் சக்கரம் எடையும் குறைவு, டயர் விலையும் குறைவு, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசைய வேண்டிய சுமையும் குறைவு. கரடுமுரடான வளைவில் கார் தரையைப் பற்றிக்கொள்வது அந்தக் கடைசிக் காரணத்தால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிட்டியைத் தரையோடு தரையாக இறக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உள்ள பிராஞ்ச் புகைபோக்கி போட்டு, சத்தத்தை ஏற்றி ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தக் காலத்தில் எத்தனை சுருள்வில்களை என் கையாலேயே வெட்டியிருக்கிறேன்! வில்லை வெட்டினால் கார் தாழும். ஆனால் ஷாக் அப்சார்பர் நகர வேண்டிய தூரமும் குறைந்துவிடும். வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால், சஸ்பென்ஷன் ரப்பர் கட்டையில் இடித்து நின்றுவிட, சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தாழ்ந்த கார் எல்லாம் நன்றாகத் திரும்பும் கார் அன்று. தொழிற்சாலையிலேயே முறையாகக் கணக்கிட்டு, நல்ல ஷாக் அப்சார்பரோடு பதினைந்து மில்லிமீட்டர் மட்டும் இறக்கித் தந்தால் போதும். பிள்ளைகள் என்னைப் போன்றவர்களிடம் ரம்பத்தோடு வரமாட்டார்கள்.

கேப்டவுன்_கோடு

நான் இங்கே தொழில்துறை வடிவமைப்புப் படிக்கும் மாணவி. என் பெற்றோர் வெருலத்தைச் சேர்ந்தவர்கள். எஞ்சினையும் சக்கரத்தையும் பேசிவிட்டீர்கள். வடிவத்தைப் பற்றி நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சிறிய கார் என்பது பெரிய காரைச் சுருக்கியது அன்று. 1959-இல் வெளிவந்த மினியை வரைந்த அலெக் இசிகோனிஸ் பத்து அடி நீளத்துக்குள் நான்கு பேரை உட்காரவைத்தார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பெட்டியை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்து, சக்கரத்தைப் பத்து அங்குலமாக்கி, நான்கு மூலைகளுக்கும் தள்ளிவிட்டதால் அது முடிந்தது. இடத்தை மிச்சப்படுத்தவே இவற்றையெல்லாம் செய்தார். ஆனால் சக்கரங்கள் மூலைக்குப் போனதால், கார் திரும்பும் விதமே மாறிப்போய், அது பந்தயக் காராகவும் ஆனது. அந்த மினியை இங்கே கேப் டவுனை அடுத்த பிளாக்ஹீத்திலும் செய்தார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமை தருவது. 1974 கோல்ஃபில் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த அந்தத் தடித்த பின் தூணும் நேர்க்கோடுகளும் இன்றும் பழையதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அதில் அலங்காரத்துக்காக மட்டும் போட்ட கோடு ஒன்றுகூட இல்லை.

இன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் விற்கும் மலிவான சிறிய கார்களில் பெரும்பகுதி இந்தியாவில் தயாராகி வருகிறது. இந்தியாவில் நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் வரி குறைவு. அதனால்தான் ஸ்டார்லெட் 3,990 மில்லிமீட்டர், சுசுகி ஃப்ரான்க்ஸ் 3,995 மில்லிமீட்டர் என்று கோட்டைத் தொட்டுவிடாமல் நிற்கின்றன. அங்கே ஒரு வரிச் சட்டம் வகுத்த அளவுதான் டர்பனில் நம் வீட்டு வாசலில் நிற்கும் காரின் அளவாகிறது. இதில் தீமை மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீளத்துக்கு ஓர் எல்லை இருப்பதால்தான் இவை இன்னும் எடை குறைந்தவையாக இருக்கின்றன. இன்றைய போலோ நான்கு மீட்டரைத் தாண்டிவிட்டது. முதல் கோல்ஃபோ 3.7 மீட்டர்தான். தம்பி அண்ணனைவிட வளர்ந்துவிட்டான்.

ஆனால் எல்லா நிறுவனங்களும் அந்த நான்கு மீட்டருக்குள் உயரமான, எஸ்யூவி போலத் தோன்றும் உருவத்தை வரைகின்றன. கூரை உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் உயரும். வளைவில் கார் சாயும். சாய்வைக் குறைக்க விறைப்பான வில் போட வேண்டும். அப்போது பட்டறை ஐயா சொன்ன குழிகள் முதுகெலும்பில் தெரியும். நான் கேட்பது 1,480 மில்லிமீட்டருக்கு மிகாத உயரம், முன்சக்கரத்துக்கு முன்னால் குறுகிய நீட்டம், சாய்ந்து அமராமல் நிமிர்ந்து அமரும் இருக்கை, பின்னால் பார்க்கப் போதுமான கண்ணாடி. பொய்யான காற்றுத்துளைகள் வேண்டாம். மூடிய பிளாஸ்டிக் துளை பொருத்தப்பட்ட ஒவ்வொரு பம்பரையும் காணும்போது, அதை வரைந்தவரிடம் அது எதற்கு என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது.

தொங்காட்_அம்மா

நான் கார் ஆர்வலர் இல்லை. பத்தொன்பது வயது மகனுக்குத் தாய். அவன் இந்த இழையை எனக்கு அனுப்பியதால் படித்தேன்.

எடை குறைய வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எதைக் கழற்றி எடையைக் குறைக்கப் போகிறீர்கள் என்பதை யாரும் எழுதவில்லை. 2017-இல் குளோபல் என்கேப் அமைப்பும் தென்னாப்பிரிக்க ஆட்டோமொபைல் சங்கமும் சேர்ந்து இங்கே விற்கும் கார்களை மோதிச் சோதித்தபோது, செரி கியூகியூ3 ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. போலோ விவோவுக்கு மூன்று, டொயோட்டா எட்டியோஸுக்கு நான்கு. அதற்கு முன்பு, இந்தக் கார்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். கரும்பு லாரிகளும் மினிபஸ் டாக்சிகளும் ஓடும் ஆர்102 சாலையில் என் மகன் நாள்தோறும் கல்லூரிக்குப் போகிறான். வழுக்கும்போது தானே பிரேக்கைப் பிடித்துக் காரை நேராக்கும் அமைப்பும் பக்கவாட்டுக் காற்றுப்பையும் இல்லாத காரை, அது எவ்வளவு மகிழ்ச்சி தந்தாலும், நான் அவனுக்கு வாங்கித் தரமாட்டேன். சாட்ஸ்வர்த் ஐயாவின் சிட்டியில் அவன் ஏறுவதையும் நான் விரும்பமாட்டேன். மன்னிக்கவும்.

சிட்டி_சாட்ஸ்வர்த்

அம்மா, மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள் அல்லர். என் மகளை அந்தச் சிட்டியில் ஓட்டப் பழக்கினேன். ஆனால் அவள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது ஆறு காற்றுப்பை உள்ள காரைத்தான் வாங்கிக் கொடுத்தேன். முதல் பதிவிலேயே இதை எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை உண்டு. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் ஆறு காற்றுப்பைகளும் நீங்கள் சொன்ன அந்த நிலைப்படுத்தும் அமைப்பும் இருந்தன. இருந்தும் அது ஆயிரம் கிலோவைத் தாண்டவில்லை. காற்றுப்பையின் எடை சில கிலோதான். உயர்வலிமை எஃகை உரிய இடத்தில் பயன்படுத்தினால், தகடு மெலிந்தாலும் பயணிகளைச் சூழ்ந்த கூண்டு உறுதியாக நிற்கும். எடை ஏறுவது பெரும்பாலும் பெரிய சக்கரங்கள், கனத்த இருக்கைகள், சத்தத்தை அடக்கும் பாய்கள், மின்னியக்கக் கூரை, அகன்ற உடல் ஆகியவற்றால்தான். அவற்றில் எதுவும் உங்கள் மகனைக் காப்பாற்றாது.

தொங்காட்_அம்மா

அப்படியானால் உங்கள் பட்டியலில் அதையும் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. எழுதாதது விடுபட்டுவிடும்.

இசிபிங்கோ_ஓய்வு

ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா கார்த் தொழிற்சாலை உற்பத்தித் தொடரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கான்குவெஸ்ட் ஆர்எஸ்ஐ எங்கள் கண் முன்னால்தான் பிறந்தது. இரட்டைக் கேம் ஷாஃப்ட், பதினாறு வால்வு, 1.6 லிட்டர் எஞ்சின். அந்தக் கார் தொடரில் வரும் நாள்களில் இளைஞர்கள் தேநீர் இடைவேளையைக்கூட விட்டுவிட்டு அதைச் சுற்றி நிற்பார்கள். அதே உடலிலிருந்துதான் பின்னர் டாஸ் என்ற மலிவுக் கார் வந்து, 2006 வரை ஓடியது.

இளையவர்கள் கேட்கிறார்கள்: அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? நான் கண்டவரை எழுதுகிறேன். அன்று இறக்குமதிச் சுவர் உயரமாக இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் பல வகைக் கார்களை இந்த நாட்டுக்காகவே, குறைந்த எண்ணிக்கையில் செய்தது. பந்தய விதிக்காக வெறும் 500 கார்கள் செய்ய வேண்டும் என்றால் அதையும் செய்தார்கள். போர்ட் எலிசபெத்தில் டெல்டா நிறுவனம் செய்த ஓப்பல் சூப்பர் பாஸ் அப்படிப் பிறந்ததுதான். இன்று ஒரு தொழிற்சாலை ஒன்றிரண்டு வகைகளைப் பெரும் எண்ணிக்கையில் செய்து, அவற்றில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்து, அந்த எண்ணிக்கைக்கு ஏற்பச் சுங்கச் சலுகை பெறுகிறது. கரீகா ஆலை போலோவை உலகுக்கே அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டால் வேலைகள் காப்பாற்றப்பட்டன. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள் நமக்கென்று ஒரு சிறிய வேகக் காரை நுழைக்க இடமில்லை. ஒரு கதவின் தகட்டை அழுத்தும் அச்சுத் தொகுப்புக்கு ஆகும் செலவு ஐந்நூறு கார்களில் திரும்பி வராது.

ஆகவே இறக்குமதியைத்தான் நம்ப வேண்டும். முழுதாக இறக்கும் காருக்கு 25 விழுக்காடு சுங்க வரி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்தால் 18. அதற்குமேல் விலை ஏற ஏற விகிதமும் ஏறும் ஆடம்பர வரி ஒன்று இருக்கிறது. எனவே விலை குறைந்த காருக்குச் சிறிது ஆற்றலைக் கூட்டுவது, விலை உயர்ந்த காரை இன்னும் உயர்த்துவதைவிட எல்லோருக்கும் இலாபம். ஜப்பானில் செய்த காரைவிட இந்தியாவில் செய்த கார் ஏன் மலிவு என்பதற்கு வரி காரணமன்று. இரண்டுக்கும் ஒரே வரிதான். அடிப்படைச் செலவுதான் வேறு.

லெனேசியா_மேட்டுநிலம்

இசிபிங்கோ ஐயா எழுதியதிலிருந்தே என் கோரிக்கையை எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் 2017-இல் சுசுகி பலேனோ ஆர்எஸ் என்று ஒரு கார் விற்றார்கள். ஒரு லிட்டர் டர்போ, 75 கிலோவாட், எடை 950 கிலோ, நான்கு சக்கரத்திலும் வட்டு பிரேக். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு லிட்டர் டர்போ இன்றும் அங்கே ஃப்ரான்க்ஸில் கிடைக்கிறது. நமக்கு வரும் ஃப்ரான்க்ஸில் 1.5 லிட்டர் சாதாரண எஞ்சின்தான் இருக்கிறது. கடல் மட்டத்தில் பார்த்தால் இரண்டுக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. மேட்டுநிலத்தில் பார்த்தால் அவை இரண்டும் வெவ்வேறு கார்கள்.

எஞ்சின் இருக்கிறது. அதைப் பொருத்தும் உடல் இருக்கிறது. இரண்டும் ஒரே நாட்டில் உருவாகி, அங்கிருந்தே நம் துறைமுகத்துக்குக் கப்பலேறுகின்றன. இல்லாத ஒன்றைப் புதிதாக வடிவமைக்கும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. அந்தச் சிறிய டர்போவை நாலாம் தலைமுறை ஸ்விஃப்டிலோ ஸ்டார்லெட்டிலோ பொருத்தி, கொஞ்சம் உறுதியான ஷாக் அப்சார்பரும் பின்னால் வட்டு பிரேக்கும் தந்தால், டன்னுக்கு 80 கிலோவாட் கிடைக்கும். சாட்ஸ்வர்த் ஐயாவின் நூறு அன்று. ஆனால் கையில் பிடிக்கக்கூடிய எண்பது.

உம்ஷ்லாங்கா_மின்

மின்கார்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. குதிரையை ஓட்டிப் பழகியவர்கள் எஞ்சினை ஏற்கத் தயங்கியது போல நாமும் தயங்க வேண்டாம். ஆல்பீன் ஏ290 என்ற சிறிய மின்காரை எடுத்துக்கொள்ளுங்கள். 160 கிலோவாட், 300 நியூட்டன் மீட்டர், அதுவும் மிதித்த கணத்திலேயே. மேட்டுநிலத்தில் மின்மோட்டார் ஒரு கிலோவாட்கூட இழக்காது. லெனேசியா நண்பரின் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். பேட்டரி தரையில் இருப்பதால் ஈர்ப்பு மையமும் தாழ்ந்துவிடும்.

சிட்டி_சாட்ஸ்வர்த்

தாங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. உயரத்தைப் பற்றிய கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த ஏ290-இன் எடை 1,479 கிலோ. என் சிட்டியோடு இன்னும் பாதிச் சிட்டியைச் சேர்த்தால்கூட அவ்வளவு எடை வராது. நேர்ச்சாலையில் ஆற்றல் எடையை மறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் நுழையும்போதும் எடையை எதனாலும் மறைக்க முடியாது. பேட்டரி இலேசாகும் நாள் வரும்போது இந்த விவாதத்தை நானே மீண்டும் தொடங்குவேன்.

பீனிக்ஸ்_பட்டறை

கியரைப் பற்றி ஒரு சொல். தானியங்கிக் காரில் தேர்வு எழுதி உரிமம் வாங்கினால், கையால் கியர் மாற்றும் காரை ஓட்ட அந்த உரிமம் செல்லாது. இப்போது பல பிள்ளைகள் அப்படித்தான் வாங்குகிறார்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு ஆறு கியர்க் கார் வந்தாலும் அதை ஓட்ட உரிமம் உள்ளவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். தொங்காட் அம்மா, உங்கள் மகன் எந்த உரிமம் எடுத்தான்?

தொங்காட்_அம்மா

க்ளட்ச் உள்ள காரில்தான். மூன்றாம் முறைதான் தேறினான். மேட்டில் நிறுத்திப் பின்வாங்காமல் எடுப்பதில் இரண்டு முறை தவறிவிட்டது.

கேப்டவுன்_கோடு

நான் முதல் முறை தவறியதும் அங்கேதான், அம்மா.

போன வாரம் எங்கள் வகுப்பில் களிமண் மாதிரி ஒன்று செய்யச் சொன்னார்கள். இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றையே விதிகளாக எடுத்துக்கொண்டேன்: நீளம் 3.8 மீட்டர், உயரம் 1.47 மீட்டர், 16 அங்குலச் சக்கரம், ஐந்து கதவு. பக்கவாட்டில் காற்றுப்பைக்கு இடம் விட்டு முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே நிற்கும் பி தூணைத் தடிப்பாக்கினேன். அதைச் செய்யும்போது ஒன்று புரிந்தது. சக்கரத்தை 18-இலிருந்து 16-க்கு இறக்கியதும் காரின் உடல் கனத்துத் தோன்றத் தொடங்கியது. அதைச் சரிசெய்ய ஜன்னலின் கீழ்விளிம்பை நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டியிருந்தது. ஜன்னல் தாழ்ந்ததும் காருக்குள் வெளிச்சம் வந்தது, பின்னிருக்கையிலிருந்து வெளியே பார்க்க முடிந்தது. நம் காலத்துக் கார்களின் ஜன்னல்கள் கோட்டைத் துவாரம் போலக் குறுகிப்போனதற்குப் பெரிய சக்கரமும் ஒரு காரணம் என்பதை நான் புத்தகத்தில் படித்ததில்லை, களிமண்ணில்தான் கண்டேன்.

சிட்டி_சாட்ஸ்வர்த்

அந்த மாதிரியின் படத்தை அனுமதி கிடைத்தால் இங்கே போடுங்கள், மகளே. முதல் கோல்ஃபின் ஜன்னல் விளிம்பும் அப்படித்தான் தாழ்ந்திருக்கும். என் மகள் சிறுமியாக இருந்தபோது அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு உம்ஷ்லாங்கா வரை கரும்புக் காட்டைப் பார்த்தபடி வருவாள்.

மற்றவர்களுக்கும் ஒரு செய்தி. நாலாம் தலைமுறை டர்போ ஸ்விஃப்ட் வரும்வரை காத்திருக்க என் தரைத்தகடு விடவில்லை. 2019-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டேன். 71,000 கிலோமீட்டர் ஓடியது, விபத்தில் சிக்காதது. பீனிக்ஸ் ஐயாதான் தூக்கி வைத்து அடிப்பகுதியைப் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சனிக்கிழமை இரண்டு கார்களையும் பீனிக்ஸில் உள்ள இரும்புக் கடை எடைமேடையில் ஏற்றினோம். அந்த மேடை இருபது கிலோ படிகளில்தான் காட்டும். அரைத் தொட்டி பெட்ரோலோடு, ஆள் இல்லாமல், சிட்டி 860. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1,000. ஆறு காற்றுப்பை, குளிரூட்டி, டர்போ, நான்கு வட்டு பிரேக், பின்கதவுத் துடைப்பான் எல்லாம் சேர்ந்து, 140 கிலோதான் வேறுபாடு. எடை எழுதிய அந்தத் தாளை மடித்துப் பணப்பையில் வைத்திருக்கிறேன். தொங்காட் அம்மாவுக்காகவே கார்களை எடை போட்டுப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

திரும்பும்போது எம்41 சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் அந்த நீண்ட வளைவில், இரண்டாம் கியரில், ஸ்டியரிங் மெல்ல இறுகி, தரை எப்படிப்பட்டது என்று உள்ளங்கைக்குச் சொன்னது. சிட்டி அளவுக்குத் தெளிவாக இல்லை. ஆனால் சொன்னது.

இப்போது எனக்கு வேண்டியது 16 அங்குலச் சக்கரங்கள். யாரிடமேனும் இருந்தால் தெரிவியுங்கள்.

பீனிக்ஸ்_பட்டறை

சாதாரண ஸ்விஃப்டின் சக்கரம் பொருந்தாது ஐயா. அது நான்கு துளை. உங்கள் காருக்கு ஐந்து துளை, துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர். பழைய சுசுகி எஸ்எக்ஸ்4-இன் 16 அங்குலச் சக்கரம் அதே அளவுதான். அதில் 195/50 டயர் போட்டால் பக்கச் சுவர் பத்து மில்லிமீட்டர் கூடும், வேகமானியும் ஒரு விழுக்காட்டுக்கு மேல் பிசகாது. ஒரு தொகுப்பு என் பின்கட்டில் கிடக்கிறது. பிரேக் காலிபரில் உரசுகிறதா என்று முதலில் ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுவோம். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள்.